வீட்டில் செய்து விற்கும் உணவு: பொட்டலத்தின் மேல் என்ன எழுத வேண்டும்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்து வீட்டு அடுப்புகளுக்கும் சீசன்தான். முறுக்கு, ஊறுகாய், கறி மசாலாப் பொடி என நம் சகோதரிகள் செய்பவை அருவிக்கு வருவோரின் பைகளிலும் வாட்ஸ்அப் ஆர்டரிலும் வெளியூர் போகின்றன. தெருக்காரர் வாங்கினால், "லாத்தா, இது எப்போ செஞ்சது?" என்று கேட்டுக்கொள்வார். வெளியூர்க்காரருக்குக் கேட்க ஆளில்லை. அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது பொட்டலத்தின் மேல் இருக்கும் லேபிள்தான்.

முதலில் பதிவு

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் (2006) சிறு தயாரிப்பாளருக்கு உரிமத்திலிருந்து விலக்கு தருகிறது. ஆனால் பதிவு கட்டாயம். வீட்டு அடுப்படி என்பதால் இதில் சலுகை இல்லை. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களை 2011-ம் ஆண்டின் விதிமுறை சிறு தயாரிப்பாளராகக் கொண்டது. பதிவுக் கட்டணத்தை ஆண்டுக்கு 100 ரூபாய் என வைத்தது. ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்தால் 14 இலக்க எண் கிடைக்கும். லேபிளின் முதல் தேவை இந்த எண்தான்.

லேபிளில் இருக்க வேண்டியவை

2020-ம் ஆண்டின் லேபிள் விதிமுறையும், எடையளவுச் சட்டத்தின் 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளும் கேட்பவற்றில் முக்கியமானவை:

- உணவின் பெயர்
- சேர்மானங்கள், எடையில் அதிகமானது முதலில் வரும் வரிசையில்
- சைவ, அசைவக் குறியீடு
- தயாரித்தவரின் பெயர், முழு முகவரி
- எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னம், 14 இலக்க எண்
- நிகர எடை (உறையின் எடை நீங்கலாக)
- எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச விலை
- தயாரித்த அல்லது பொட்டலமிட்ட தேதி, காலாவதி தேதி
- தொகுதி எண்
- ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள்
- புகார் தெரிவிக்கத் தொடர்பு விவரம்

எடை போடும் தராசு அரசு முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். தமிழகத்தில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை.

அதிகம் தவறும் இடங்கள்

முதலாவது மொழி. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். கூடுதலாகத் தமிழிலும் எழுதலாம். தமிழில் மட்டும் அச்சிட்டால் விதி நிறைவேறாது. நம் ஊர்ப் பாட்டிக்குப் புரியத் தமிழும், விதிக்காக ஆங்கிலமும் சேர்த்து அச்சிடுவதே நல்லது.

இரண்டாவது குறியீடு. சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முட்டை சேர்ந்தாலும் அசைவக் குறியீடுதான். மாசி சேர்த்த சம்பல் பார்வைக்கு வெறும் பொடிபோல இருக்கும். சைவம் உண்பவர் குறியீட்டை நம்பித்தான் வாங்குவார். கடையில் மிட்டாய் வாங்கும்போது பின்பக்கம் திருப்பி ஜெலட்டின் இருக்கிறதா என்று நாம் தேடுவதில்லையா? அந்த உரிமை நம்மிடம் வாங்குபவருக்கும் உண்டு.

மூன்றாவது சேர்மானம். பாமாயிலில் பொரித்து ஒரு கரண்டி நெய் ஊற்றினால், சேர்மான வரிசையில் பாமாயில் நெய்க்கு முன்னால் வர வேண்டும். ஊறுகாயில் பதப்படுத்தி சேர்த்துவிட்டு 'எதுவும் சேர்க்கவில்லை' என்று எழுதக் கூடாது. நிலக்கடலை, முந்திரி, பால், கோதுமை, மீன், முட்டை, சோயா போன்றவை இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையாகத் தனியே காட்ட வேண்டும். கடலை ஒவ்வாத குழந்தைக்கு அந்த ஒரு வரி உயிர் விஷயம்.

நான்காவது காலாவதி தேதி. அடுத்த கடைப் பொட்டலத்தைப் பார்த்து 'மூன்று மாதம்' என்று எழுதிவிடுவது வழக்கமாக இருக்கிறது. சாரல் காற்றில் முறுக்கு நமுத்துவிடும், பொடி கட்டிதட்டும். உலர்ந்த பண்டமானால், ஒரே நாளில் செய்த சில பொட்டலங்களை எடுத்து வைத்து வாரம் ஒன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஊறுகாய்க்கும் மீன், இறைச்சி சேர்ந்தவற்றுக்கும் மூக்கும் நாக்கும் போதாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பரிசோதித்துத் தேதி குறிக்க வேண்டும். தேதி தாண்டிய பொட்டலத்தில் புது ஸ்டிக்கர் ஒட்டுவது மோசடியே.

இன்னும் ஒன்று: மொத்தக் கடையில் வாங்கிப் பிரித்துப் பொட்டலமிட்டதை 'வீட்டுத் தயாரிப்பு' என்று விற்காதீர்கள். அப்படியே, ஹலால் சான்று வழங்கும் அமைப்பின் சின்னத்தை அதனிடம் சான்று பெறாமல் எடுத்து ஒட்டாதீர்கள். ஹலாலான பொருளுக்குப் பொய் முத்திரை எதற்கு?

தவறினால்

லேபிள் முறையாக இல்லாத உணவை விற்றால், சட்டத்தின் 52-வது பிரிவு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஒரு சீசனின் உழைப்பு முழுவதும் அதில் போய்விடலாம்.

அபராதத்துக்கு அஞ்சுவது ஒரு பக்கம். நமக்கு அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள் நபியவர்கள். மழை அந்த வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை மறைத்ததுதான் குற்றம். பொட்டலத்துக்குள் இருப்பதை மேலே எழுதிக் காட்டும் லேபிளும் அந்த அமானிதத்தைச் சேர்ந்ததே.

எனவே அடுத்த அடுப்பு மூட்டும் முன் பதிவு எண்ணும் சரியான லேபிளும் தயாராகட்டும். உழைக்கும் நம் சகோதரிகளின் வியாபாரத்தில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக!