மஞ்சள் எண்கோணத்தின் கதை

டிசம்பரில் மகளோடு கேதார்கந்தா போவதாகத் திட்டம். உத்தராகண்டில் இருக்கிறது, சுமார் 3,800 மீட்டர் உயரம், அந்த மாதத்தில் பனி நிச்சயம். ஷூ வாங்கக் கடைக்குப் போனோம். அவள் எடுத்தது காற்று மாதிரி லேசான ஓட்டப்பந்தய ஷூ. நான் காட்டியது கணுக்காலை மூடும் கனமான பூட்ஸ். "இதைப் போட்டுக்கிட்டு யாருப்பா மலை ஏறுவா?" என்றாள். பூட்ஸைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மஞ்சள் எண்கோண முத்திரை: விப்ரம். யார் இந்த விப்ரம் என்று அன்றிரவு தேட உட்கார்ந்ததில் வந்ததுதான் இந்தக் குறிப்பு.

நூறு வருடங்களுக்கு முன்னால் மலையேறிகளின் பூட்ஸ் என்றால், தடித்த தோல் அடியில் இரும்பு ஆணிகள் அடித்தது. சேறு, புல், இறுகிய பனி எல்லாவற்றிலும் ஆணி பிடிக்கும். 1924-ல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999-ல் கிடைத்தபோது, வலது காலில் ஆணி பூட்ஸ் அப்படியே இருந்தது.

ஆனால் ஆணியில் இரண்டு சிக்கல். இரும்பு வெப்பத்தைக் கடத்தும், அதனால் பாதத்தின் சூடு பனிக்குப் போய்விடும். செங்குத்தான பாறையில் அது சரியாகவும் நிற்காது. அதனால் ஆல்ப்ஸ் மலைகளில் ஒரு பழக்கம் இருந்தது. பாறை தொடங்கும் இடம் வரை ஆணி பூட்ஸ். அங்கே அதைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பளி ஃபெல்ட் அடி வைத்த லேசான காலணியில் ஏறுவார்கள்.

1935-ல் இத்தாலிய ஆல்ப்ஸில் புன்டா ராசிகா என்ற சிகரத்துக்குப் போன மிலான் குழுவும் லேசான காலணியில்தான் ஏறியது. மேலே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. அந்தக் காலணி குளிரையும் தாங்கவில்லை, உறைந்த பாறையில் பிடிக்கவும் இல்லை. ஆறு பேர் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களில் ஒருவர் விட்டாலே பிரமானி.

அவர்கள் ஒன்றும் கற்றுக்குட்டிகள் இல்லை. பாறைக்கு அந்தக் காலணி சரியான தேர்வுதான். வானிலை மாறியபோதுதான் அது தப்பாகிப் போனது. எங்க மென்பொருள் வேலையிலும் இதே கதைதான். எல்லாம் ஒழுங்கா நடந்தா ஓடுற புரோகிராமை யாரும் எழுதிடலாம். நெட்வொர்க் விழுந்தா என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பாறைக்கும் பனிக்கும் சேர்த்து ஒரே அடி வேண்டும் என்று பிரமானி நினைத்தார். பிரெல்லி டயர் நிறுவனத்தின் ஆதரவோடு, கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரில், ஆழமான பற்கள் வைத்த அடியை 1937-ல் கொண்டுவந்தார். அதற்கு வைத்த பெயர் 'கர்ரர்மாத்தோ', இத்தாலிய மொழியில் பீரங்கி வண்டி. விட்டாலே, பிரமானி இரண்டையும் சுருக்கினால் விப்ரம். 1954-ல் 8,611 மீட்டர் உயர கே2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியர்களின் பூட்ஸிலும் அந்த அடிதான் இருந்தது.

ரப்பர் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கண்ணாடி மாதிரி உறைந்த பனியில் ரப்பரும் வழுக்கும், அங்கே கிராம்பான் மாட்டத்தான் வேண்டும். ஈரமும் ஆபத்து. 1953-ல் எவரெஸ்ட் உச்சிக்குக் கிளம்பும் காலையில், இரவு கழற்றி வைத்த ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்திருந்தது. அடுப்பில் காட்டி இளக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. டென்சிங் தன்னுடையதைக் கழற்றவே இல்லை!

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். மறுநாள் சாயங்காலம், நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, தடித்த சாக்ஸோடு கடைக்குப் போனோம். முன்பு ஒரு தடவை அளவெடுத்த மாதிரி ஷூ வாங்கி, இறக்கத்தில் விரல் இடித்து இரண்டு நகம் கறுத்து விழுந்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால் சரிவுப் பலகையில் நின்று, விரல் முன்னால் முட்டவில்லை என்று பார்த்துத்தான் எடுத்தோம்.

கனம்தான் என்று இன்னும் முனகுகிறாள். ஆனாலும் தினமும் அதைப் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குகிறாள்.