ஆண்டின் கீழ் ஒரு புள்ளி: இந்திய ரூபாயின் அருகிய வகைகள்

கைமாறி வந்த இந்திய ரூபாய்களுள் எவை அருகியவை என்று தேர முனைவோர் முதலில் ஆண்டெழுத்தையே நோக்குவர் எனினும், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு அவ்வெழுத்தை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வர இயலாது. நாணயத்தில் காணும் ஆண்டும் அது அடிக்கப்பட்ட ஆண்டும் அக்காலத்தில் ஒன்றாக இருந்ததில்லை. இதற்கு வேராக அமைந்தது வட்டம், அதாவது காசு மாற்றித் தரும் சராபுகள் பழைய நாணயத்தின் மீது பிடித்துக்கொண்ட கழிவு. வங்காளத்தில் வழங்கிய சிக்கா ரூபாய் அடிக்கப்பட்ட ஆண்டில் மட்டுமே முழு மதிப்புக்குச் சென்றது. ஆண்டு மாறியதும், எடை சற்றும் குறையாதிருந்தாலும், அதன் மீது வட்டம் விழுந்தது. இந்த இழப்பு கடைசியில் உழவர், நெசவாளர் தலையிலேயே விடிந்தது என்பதால், இதை வெறும் கணக்கு நுணுக்கமாகக் கொள்வது நியாயமாகாது.

இதைத் தடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி, முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே தன் சிக்கா ரூபாய்களில் தொடர்ந்து பொறித்து, புதியதையும் பழையதையும் ஆண்டைக் கொண்டு பிரிக்க முடியாதபடி செய்தது. சென்னைக்கென அடிக்கப்பட்ட ஆர்க்காட்டு ரூபாயிலும் இவ்வாறே முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டும் உறைந்து நின்றன. 1758-59க்கு ஒப்பான அந்த ஆண்டைத் தாங்கிய நாணயங்கள் 19ஆம் நூற்றாண்டில் இயந்திரத்தால் அடிக்கப்பட்டவையாகவும் இருக்கலாம் என்பதால், அவற்றைப் பகுக்க உதவுவது ஒரு சிறு மலரே: தாமரை இருந்தால் சென்னை, ரோஜா இருந்தால் கல்கத்தா.

1835ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் 180 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் எடையுள்ள ஒரே ரூபாயை வகுத்த பின்னரும் உறைந்த ஆண்டு என்னும் வழக்கம் மறையவில்லை. விக்டோரியாவின் முதல் ரூபாய்கள் 1840 என்ற ஆண்டுடனேயே இருபது ஆண்டுக்கும் மேலாக வெளிவந்தன. அவற்றுள் அரசியின் பெயர் தலைக்கு மேல் ஒரே தொடராக வளைந்து செல்வது முந்தைய வகை. தலை குறுக்கிட்டுப் பெயரை இரு கூறாக்குவது 1850ஐ ஒட்டித் தொடங்கிய பிந்தைய வகை.

1862 என்று பொறித்த ரூபாய்களே இத்துறையில் மிகுந்த பொறுமையைக் கோருவன. 1874 வரை அந்த ஆண்டு மாற்றமின்றி நீடித்தமையால், பம்பாய் நாணயச்சாலை உண்மையான ஆண்டைத் தனக்கு மட்டும் விளங்குமாறு புள்ளிகளால் குறித்தது. ஆண்டெழுத்தின் கீழும், சில அச்சுகளில் மதிப்பைக் கூறும் சொல்லுக்கு மேலும் அப்புள்ளிகள் இடம்பெற்றன. பொதுமக்கள் கவனிக்கக் கூடாது என்றே இடப்பட்ட குறிகள் ஆகையால் அவை மிகச் சிறியவை. சில ஆண்டுகள் கைபட்டாலே மழுங்கிப் போவன. உண்மைப் புள்ளி உருண்டு மேடாக எழுந்து, ஒரே அச்சில் பிறந்த நாணயங்களில் எல்லாம் அதே இடத்தில் நிற்கும். அடிபட்ட தடமோ பள்ளமாக இருக்கும். நகையாக அணிந்து பின் வளையம் நீக்கப்பட்ட நாணயத்தில் எஞ்சும் பற்றுப்பொடி ஒழுங்கற்ற வடிவில் விளிம்பை ஒட்டிக் காணப்படும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நாணயத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் ஒளி விழச் செய்து பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

இவ்வகைகள் அருகிப் போனதில் அரசின் செயலுக்கும் பங்குண்டு. 1835, 1840 ஆண்டு ரூபாய்கள் கருவூலங்களுக்கு வந்தபோது, மீண்டும் புழக்கத்துக்கு விடப்படாமல் உருக்குவதற்கென ஒதுக்கப்பட்டன. பின்னர், இரண்டாம் உலகப்போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டின்போது, 1941 மார்ச் 31க்குப் பின் விக்டோரியா ரூபாய்கள் செல்லாதவையாயின.

ஒரே ஆண்டோடு முடிந்துபோன வகைக்கு 1911ஆம் ஆண்டு ரூபாய் சிறந்த சான்று. அதில் ஐந்தாம் ஜார்ஜ் அணிந்த அங்கியில் பொறிக்கப்பட்ட யானை, குறுகிய துதிக்கையாலும் வாலாலும் பன்றியைப் போலத் தோன்றியமையால் முஸ்லிம்களின் மனம் புண்பட்டது. அடிக்கப்பட்ட 94 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றுள் ஏறத்தாழ 7 இலட்சமே வெளியேறியிருக்க, ஏனையவை உருக்கப்பட்டு, 1912 முதல் திருத்திய யானை இடம்பெற்றது. இந்த ரூபாயிலும் கீழ்த் தாமரையில் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையேல் கல்கத்தா.

இன்றைய சில்லறையிலும் ஆண்டின் கீழுள்ள இடமே பேசுகிறது: வைரவடிவம் மும்பையையும், விண்மீன் ஹைதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்க, கொல்கத்தா குறியின்றி வருகிறது. 1985இல் வெளிநாடுகளில் அடித்து வாங்கப்பட்டவற்றுள், ஒரு ரூபாயில் ஆண்டின் கீழ் காணும் ‘எச்’ என்னும் எழுத்து பர்மிங்காமின் ஹீட்டன் சாலையையும், சில காசுகளில் காணும் ‘சி’ கனடாவின் ஒட்டாவாவையும் சுட்டுகின்றன. குறியே இல்லாத நாணயத்தைக் கொல்கத்தாவுக்கு உரியதென்று கொள்ளுமுன், அச்சின் அப்பகுதியில் எண்ணெயும் உலோகத்தூளும் அடைத்து விண்மீன் பதியாமல் போயிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். அவ்வாறு அடைத்திருப்பின் அதே அச்சில் வந்த பிற நாணயங்களில் மங்கிய விண்மீன் ஒன்றேனும் தென்படும்.