அலங்கரித்த ஏடும் அலங்காரமற்ற ஏடும்

இடைக்கால ஐரோப்பாவின் லத்தீன் செபப் புத்தகங்களிலிருந்து பிரிந்த ஒற்றை ஏடுகள் இன்று அருங்காட்சியகங்களிலும் ஏலக்கூடங்களிலும் ஏராளம். பொன்னும் நீலமும் கண்ணைப் பறிப்பதால் அவற்றைச் சித்திரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்த அலங்காரம் முதலில் வாசிப்புக்கான கருவி, அழகு அதற்குப் பிறகுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த ஏடுகளைப் புதுச்சேரியில் இருக்கும் சைவச் சுவடிகளின் அருகில் வைத்தால் இது நன்றாகத் துலங்கும்.

15ஆம் நூற்றாண்டுப் பாரிசில் எழுதிய நேரச் செபப் புத்தகத்தின் ஏடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பதப்படுத்திய விலங்குத் தோல். ஒரு பக்கம் வெளுப்பு. மயிர் இருந்த பக்கம் சற்று மஞ்சள். கூர்ந்து பார்த்தால் மயிர்க்கால் புள்ளிகளும் தெரியும். வரிக்கோடு இழுப்பதற்காக ஓரத்தில் வரிசையாகக் குத்திய துளைகள் உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வைத்துத் தங்க ரேக்கு ஒட்டுவதுபோல, பொன்னெழுத்தின் அடியில் சுண்ணப் பசை புடைத்து நிற்கும். பொன்னைத் தேய்த்து மினுக்கிய பிறகே வண்ணம் தீட்டினார்கள். முந்தித் தீட்டினால் ரேக்குத் துணுக்குகள் வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் பக்க எண் கிடையாது. அந்த வேலையை எழுத்தின் அளவே செய்தது. ஒரு வரி உயர எழுத்து வந்தால் திருப்பாடலின் அடுத்த வசனம். இரண்டு வரி உயரம் என்றால் புதிய திருப்பாடல். அதைவிடப் பெரிதாகப் படத்தோடு வந்தால் புதிய செபவேளை. நாளின் எட்டுச் செபவேளைகளுக்கும் மரபான படங்கள் இருந்தன. கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்களம் சொன்னால் முதல் வேளை. இடையர்களுக்கு வானதூதர் தோன்றினால் மூன்றாம் மணி. 13ஆம் நூற்றாண்டு முதல் இப்புத்தகங்களை விரும்பி வாங்கியவர்கள் பொதுநிலையினர், அவர்களில் பெண்கள் கணிசம். லத்தீன் முழுதும் விளங்காதவருக்கும் இடம் தவறாது.

புதுச்சேரிக்கு வருவோம். 1955இல் ழான் ஃபிலியோசா தலைமையில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் என்.ஆர். பட் முன்னின்று சைவச் சுவடிகளைத் திரட்டினார். கீழ்த்திசை ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் தொகுப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 11,000 சுவடிகள். 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றவை. பெரும்பான்மை பனையோலை, கிரந்த எழுத்து. பொன்னும் இல்லை, வண்ணமும் இல்லை. எழுத்தாணிக் கீறலில் தேய்த்த கரி, விளிம்பில் ஏட்டெண், கயிறு கோக்கத் துளை. பெரும்பாலும் அவ்வளவே.

ஏன் இந்த வறட்சி? உப்புக் காற்றிலும் பூச்சியிலும் அழியும் ஓலையில் யார் பொன்னைக் கொட்டுவார் என்பது எளிய பதில். அது போதாது. பால அரசர் காலத்துப் பௌத்தப் பிரஜ்ஞாபாரமிதைச் சுவடிகளும் ஒடிசாச் சுவடிகளும் ஓலைதான். ஒடிசாவும் ஈரக் கடற்கரைதான். அங்கே சித்திரம் செழித்தது. எனவே பொருளைவிட வாசகரையே பார்க்க வேண்டும். பூசை முறை நூலான பத்ததியைக் கையாண்ட குருக்கள் அதைப் பெரிதும் மனப்பாடமாக அறிந்தவர். எந்தக் காலப் பூசை என்று ஏடு அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவக்கரை போன்ற கோயில்களில் அலங்காரமெல்லாம் கல்லுக்குப் போயிற்று. ஏடு முறையை நினைவூட்டினால் போதும்.

அலங்காரம் கருவி என்றால், ஒற்றை ஏடு பாதி முடங்கிய கருவி. அமெரிக்கரான ஆட்டோ எகே (இறப்பு 1951) பல கையெழுத்து நூல்களைப் பிரித்து ஏடு ஏடாக விற்றார். ஒரு செபப் புத்தகம் எந்த ஊர் வழக்கைப் பின்பற்றியது என்பதை அறிய, மரியன்னை செபத்தின் முதல் மணி, ஒன்பதாம் மணிப் பகுதிகளில் வரும் சிறு வாசகங்களை ஒப்பிடுவது வழக்கம். அந்த ஏடுகள் வேறு வீட்டுக்குப் போய்விட்டால் கையில் மிஞ்சுவது அழகு மட்டுமே. நம் பக்கத்தில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ஓலையிலிருந்து தேவநாகரியில் காகிதத்துக்குப் பெயர்த்த படிகள் பனுவலைக் காப்பாற்றின. ஏட்டின் விளிம்பும் துளையும் எழுதிய கையும் அவற்றில் ஏறவில்லை. எகே ஏட்டைப் புத்தகத்திலிருந்து பிரித்தார். நாம் பனுவலை ஏட்டிலிருந்து பிரித்தோம்.

சுவடிப் பட்டியல் தயாரிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: நூற்பெயரோடு நில்லாமல் ஏட்டின் நீள அகலம், வரி எண்ணிக்கை, துளையின் இடம், விளிம்புக் குறிப்பு, இரு பக்கப் படம் ஆகியவற்றையும் பதிவுசெய்யுங்கள்.