புளியும் வேணாம், ஆசிட்டும் வேணாம்: நாய்க்கூண்டுத் தகரத்தின் கதை

திண்டுக்கல்லுக்கு ரெண்டு ஜி.ஐ. உண்டு மக்களே. ஒண்ணு, 2019-ல் நம்ம ஊர்ப் பூட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு. இன்னொண்ணு தோட்டம், கோழிப்பண்ணை, நாய்க்கூண்டு என்று எங்கே பார்த்தாலும் நிற்கிற ஜி.ஐ. கம்பியும் தகடும். பூட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ரெண்டாவதைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஜி.ஐ. என்றால் கால்வனைஸ்டு அயர்ன். துத்தநாகம் பூசிய இரும்பு, அம்புட்டுதான். பேருக்குச் சொந்தக்காரர் இத்தாலிக்காரர் கால்வானி (1737-1798). செத்த தவளையின் காலைத் துடிக்க வைத்துப் பேர் வாங்கியவர். அவர் தகரம் எதுவும் பூசவில்லை! 1742-லேயே மெலுவென் என்ற பிரெஞ்சுக்காரர், உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கலாம் என்று சொன்னார். சோரெல் என்பவர் காப்புரிமை வாங்கியது 1837-ல்.

இதில் நம்ம நாட்டுக்கும் பங்குண்டு. துத்தநாகத்தைப் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உலையில் கனிமத்தைப் போட்டால் உலோகம் கைக்குக் கிடைக்காமல் புகையாய்ப் போய்விடும். அந்த ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்துப் பிடிக்கும் வித்தையை ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கக்காரர்கள் ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். கத்தரிக்காய் வடிவத்தில் அவர்கள் வைத்திருந்த மண்மூசைகள் இன்னும் அங்கே குவிந்து கிடக்கின்றன.

சரி, கூண்டுக்கு வருவோம். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் நம்ம தெக்கத்திச் சீமை நாய்கள். ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே போட்டார்கள். எந்த நாயாக இருந்தாலும் தோலில் எண்ணெய் சுரக்கும். அது படுத்து உரசுகிற இடமெல்லாம் கறுப்பாய்ப் பிசுக்கேறும். கறிக்கொழுப்பும் நம்ம ஊர்ச் செம்மண் புழுதியும் சேர்ந்தால் கேட்கவே வேணாம்.

அதைத் தேய்க்க நம்ம வீட்டு ஞாபகம் உடனே புளியைத்தான் தேடும். புளி, சாம்பல், உவர்மண் எல்லாம் பித்தளை, செம்பு, வேட்டி, சேலைக்காக நம்மாட்கள் கண்டுபிடித்தவை. ஜி.ஐ. தகடு கப்பலேறி வந்ததோ 19-ஆம் நூற்றாண்டில். புளி பித்தளையின் மேல் இருக்கும் களிம்பைத் தின்னும், துத்தநாகத்தில் பூச்சையே தின்னும். பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் நிமிஷத்தில் கதை முடிந்தது. காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். துத்தநாகம் அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். பூச்சு போனால் அடுத்த மழைக்கே துரு.

இன்னொரு வம்பும் உண்டு. புதுத் தகடு பளபள என்று இருக்கும், நாளாக ஆகச் சாம்பல் நிறத்தில் மங்கும். அது அழுக்கு இல்லைங்க. காற்றும் ஈரமும் பட்டுத் துத்தநாகம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கவசம். பளபளப்பு வேணும் என்று கம்பி நார் போட்டுத் தேய்த்தால் அதைத்தான் உரித்தெடுப்போம்.

அப்போ என்னதான் செய்வது? நாயை வெளியே கட்டிவிட்டு, காய்ந்த அழுக்கை முதலில் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து தடவி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, மெத்தென்ற பிரஷால் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். சோப்புக்கட்டி வேணாம். நம்ம ஊர் உப்புத்தண்ணியில் சோப்பு நுரைக்காது, திரிந்துபோய் அதுவே புதுப் பிசுக்காக ஒட்டும். கடைசியில் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரமாய் மூடி வைத்தால் வெள்ளையாய்ப் பொடி பூக்கும், அதுதான் வெள்ளைத்துரு.

ரெண்டு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும். நாய் மூத்திரம் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் போட்டாலும் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். அப்புறம், பூச்சு உரிந்த இடத்தை நாய் நக்குகிறதா, கடிக்கிறதா என்று பாருங்கள். துத்தநாகம் அளவுக்கு மீறி வயிற்றுக்குள் போனால் நாயின் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும், உயிரே போகலாம். ஈறு வெளுத்து, மூத்திரம் செக்கச்செவேல் என்று போனால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கூண்டைக் கழுவுவது மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.