நாகூரும் நவம்பர் மாதமும்

'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பருவம் என்பது பொருள். அரபு மாலுமிகளின் நாவில் பயின்ற அச்சொல்லே போர்த்துக்கேயர் வழியாக ஆங்கிலத்தில் புகுந்து 'மான்சூன்' என்றாயிற்று. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரும் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், எந்தக் காற்றில் எந்தக் கரையிலிருந்து புறப்பட வேண்டும், எந்த நாட்களில் கடல் மூடிக்கிடக்கும் என்பவற்றையெல்லாம் தம் நூலில் விரிவாக எழுதி வைத்தார். நமது மரைக்காயர்களும் அவ்வறிவைப் பெற்றிருந்தவர்களே. ஐப்பசி பிறந்துவிட்டால் சோழமண்டலக் கடலை நம்பலாகாது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. அந்த அறிவு இன்று நம்மிடம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை நாகூரை முன்வைத்துச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

நாகப்பட்டினத்திற்கு வடக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், வெட்டாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்தது நாகூர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எழுப்பிய 131 அடி உயர மனாரா அவ்வூரின் அடையாளமாய் நிற்கிறது. மனாரா உயர்ந்ததே அன்றி மண் உயர்ந்ததன்று. காவிரிப் படுகை முடியும் இத்தாழ்நிலத்தில் கடலுக்கும் ஊருக்கும் இடையே மேடு என்று சொல்லத்தக்கது மிகச் சிறிதே. புயற்காலத்தில் கடல் மட்டம் உயர்ந்துவிட்டால் ஆற்று வெள்ளம் வடிய வழியின்றி ஊருக்குள் தேங்கும். ஆகவே காற்று, கடல், ஆறு என்னும் மூன்றும் ஒரே வேளையில் பகையாகக்கூடிய இடம் இது.

1952 நவம்பர் 30ஆம் நாள் நாகைக்கு அருகே கரை கடந்த புயலில் 400 பேர் மாண்டனர். அன்று எழுந்த கடல்நீரின் உயரம் நான்கு அடியே. எனினும் அது ஐந்து மைல் தூரம் நிலத்தினுள் புகுந்தது. நிலம் எத்துணைத் தாழ்ந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1977 நவம்பர் 12ஆம் நாள் விடியற்காலையில் நாகைக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் மற்றொரு புயல் கரையேறியது. 560 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சம் மக்கள் வீடிழந்தனர். ஆனால் ஒரே வாரத்தில், 19ஆம் நாள், ஆந்திரக் கரையின் திவி சீமையைப் பெரும்புயல் தாக்கிப் பல்லாயிரவரைக் கொண்டுபோயிற்று. நாட்டின் கண்கள் அங்கே திரும்பின. நாகைப் புயல் விரைவில் மறக்கப்பட்டது. நம்மிடம் ஓதும் பிள்ளைகளிடம் அப்புயலைப் பற்றிக் கேட்டோம், ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அவர்களுடைய பாட்டிமாரோ அதைக் கண்ணால் கண்டவர்கள்!

2008 நவம்பர் 27இல் காரைக்காலை ஒட்டிக் கரை கடந்த 'நிஷா' பெருமழையால் படுகையை மூழ்கடித்தது. 2018 நவம்பர் 16இல் 'கஜா' வந்தது. படுகையின் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. ஆயினும் முன்னெச்சரிக்கை கிடைத்து, 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குச் சென்றுவிட்டதால் உயிரிழப்பு நூற்றை எட்டவில்லை. 560 என்னும் எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு, வேளையோடு சொல்லப்பட்ட ஒரு சொல்லின் விலை விளங்கும்.

சொல் கிடைக்காத நாள் ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.29க்குச் சுமத்ராவின் கடலடியில் நிலம் நடுங்கியது. பேரலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அவ்வளவு நேரமும் கரையோரத்து மக்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மடிந்தனர். பேரலைக்கு முன் கடல் உள்வாங்கும் என்று பலர் கருதுகின்றனர். அது எப்போதும் மெய்யன்று. அன்று தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் பின்வாங்கியது. நமது கரையிலோ முதலில் வந்ததே பொங்கிய அலைதான். அடையாளம் பார்த்து ஓடலாம் என்று காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

அந்நாட்களில் நாகூர் தர்கா தன் கதவுகளை எல்லாச் சமயத்தார்க்கும் திறந்து வைத்தது. வீடிழந்த மீனவ மக்கள் அங்கே உண்டு உறங்கினர். இறந்தோர் இன்னார் இனியார் என்று பாராமல் தர்கா நிலத்தில் அடக்கப்பட்டனர். இதனை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். ஆனால் ஜனாஸாவுக்கு இடம் கொடுத்த ஊர், உயிரோடிருப்போரைக் காக்கும் வழியையும் அறிந்திருக்க வேண்டாமா?

ஈண்டு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மேலே கண்ட புயல்கள் நான்கும் நவம்பரில் வந்தவை. புயல் சூரியக் கணக்கில் வருகிறது. நமது விழாக்களோ பிறைக் கணக்கில் வருகின்றன. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. 33 ஆண்டுகளில் ஒரு சுற்றுச் சுற்றி வரும். 1952ஆம் ஆண்டுப் புயல் ரபீயுல் அவ்வலில் அடித்தது. 66 ஆண்டுகள், அதாவது இரண்டு சுற்று கழிந்து, கஜாவும் ரபீயுல் அவ்வலிலேயே அடித்தது. 1977உம் 2008உம் துல்கஅதாவின் இறுதியை ஒட்டியவை. நாகூர்க் கந்தூரி நடைபெறும் ஜமாதுல் ஆகிரில் இவற்றுள் ஒன்றேனும் வரவில்லை. அது இறைவனின் கருணை. ஆனால் 2024இல் டிசம்பரிலும் 2025இல் நவம்பரிலும் ஜமாதுல் ஆகிர் பிறந்தது. பிறையும் புயலும் ஒரே பருவத்தில் சந்திக்கும் ஆண்டுகள் இவை. கொடியேற்றத்திற்கும் சந்தனக்கூட்டிற்கும் திரளும் வெளியூரார் கடற்கரைக்கும் சில்லடிக்கும் செல்வது வழக்கம். இந்த ஊரின் நவம்பரை அவர்கள் அறியமாட்டார்கள். அறிந்தவர்கள் சொல்லியாக வேண்டும்.

2007 முதல் ஹைதராபாத்தில் பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ராக் கடலில் மீண்டும் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை உடனே வந்தது, அலைதான் வரவில்லை. மையத்திலிருந்து மாவட்டம் வரை செய்தி வந்துவிடும். அங்கிருந்து தெருக்கோடியிலுள்ள கைம்பெண்ணின் குடிசைவரை அதைக் கொண்டு சேர்ப்பது ஊரார் கடமை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி அதற்கு உதவும். உயர்ந்த மாடிகள் எவை, நடக்க இயலாத முதியோர் எவ்வீட்டில் உள்ளனர் என்னும் பட்டியல் ஒவ்வொரு ஜமாஅத்திலும் இருத்தல் வேண்டும். 1952இலும் 1977இலும் தண்ணீர் எந்தச் சுவர்வரை நின்றது என்று மூத்தோரைக் கேட்டு, ஹிஜ்ரித் தேதியோடும் ஆங்கிலத் தேதியோடும் எழுதி வைத்தல் வேண்டும். அம்மூத்தோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நாகூராருக்கும், நாகூரைப் போன்று கடலோரத்தில் வாழும் நம்மவர் அனைவர்க்கும் அந்தக் கயிறு நினைவுதான். அதை அறுந்துபோக விடாமல் காக்க வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!