கையடக்க ஈரப்பதமானி

கையடக்க ஈரப்பதமானி என்பது மரம், விறகு, சுவர்ப்பூச்சு, செங்கல், கான்கிரீட் ஆகியவற்றுக்குள் தங்கியிருக்கும் நீரை, அவற்றின் மின்பண்புகளை வைத்து மதிப்பிடும் சிறு கருவி. தச்சர்களும் பெயிண்டர்களும் இதை மாய்ஸ்ச்சர் மீட்டர் என்பார்கள். கைக்குள் அடங்கும் உடல், எண் காட்டும் திரை, பெரும்பாலான வகைகளில் தலைப்பகுதியில் இரண்டு எஃகு ஊசிகள், உள்ளே ஒரு பேட்டரி, இவ்வளவுதான் கருவி. விறகு வாங்குபவர், வாசக்கால் செய்பவர், பழைய வீட்டுக்குப் புதிதாக வண்ணம் அடிப்பவர் என மூன்று விதமான ஆட்களுக்கும் ஒரே கருவி உதவுகிறது. திரையில் தோன்றும் எண் மரத்தில் மட்டுமே உண்மையான சதவீதம். மற்றப் பொருள்களில் அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எண். இதைத் தெரியாமல் வாங்குபவர்கள்தான் கருவி பொய் சொல்கிறது என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

இக்கட்டுரை பெங்களூரின் தென்கிழக்கில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளியின் சூழலை வைத்து இக்கருவியை விளக்குகிறது. 2007-இல் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி நகராட்சியாக இருந்த பகுதி இது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள், நெருக்கமாக எழுந்த வாடகைக் கட்டடங்கள், தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளர் குடும்பங்கள் என்று இங்கே எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். மடிவாளா, பேகூர், ஹுளிமாவு ஏரிகள் சுற்றுவட்டாரத்தில் உள்ளன. ஈரம் இங்கே அன்றாடப் பிரச்சினை.

செயல்படும் விதம்

உலர்ந்த மரம் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. ஈரம் ஏற ஏறக் கடத்தும். இரண்டு ஊசிகளையும் மரத்தில் குத்தி அவற்றுக்கிடையிலான மின்தடையை அளந்தால் ஈரத்தைக் கணக்கிட்டுவிடலாம். அமெரிக்காவின் மாடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஸ்டாம் இந்தத் தொடர்பை 1927-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். மரத்தின் ஈரம் 30 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்கு இறங்கும்போது மின்தடை பல்லாயிரம் மடங்கு கூடுகிறது. மாற்றம் இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் மலிவான மின்சுற்று கூட ஓரளவு சரியான எண்ணைத் தருகிறது.

இந்த முறைக்கு இரு பக்கமும் எல்லை உண்டு. மரத்தின் செல்சுவர்கள் முழுக்க நனைந்து, செல்லின் உள்வெளியில் இன்னும் நீர் சேராத நிலை சுமார் 25 முதல் 30 சதவீதத்தில் வருகிறது. அதற்கு மேல் எவ்வளவு நீர் சேர்ந்தாலும் மின்தடை அதிகம் மாறுவதில்லை. எனவே பச்சை மரத்தில் கருவி 45 என்றாலும் 60 என்றாலும் இரண்டுக்கும் ஒரே பொருள்: நன்றாக நனைந்திருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் 6 சதவீதத்துக்குக் குறைந்தால் மின்னோட்டம் அளக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும்.

ஊசி இல்லாத வகையும் கிடைக்கிறது. தட்டையான உலோகத் தகட்டை மரத்தின் மேல் வைத்தால், ஏறக்குறைய 20 மி.மீ. ஆழம் வரை பரவும் மின்புலம் ஈரத்தை உணரும். துளை விழாது என்பதால் பாலிஷ் போட்ட தேக்குக்கும் தரைப்பலகைக்கும் ஏற்றது. சொரசொரப்பான, பட்டையோடு கூடிய விறகுக் கட்டையில் தகடு சரியாகப் படியாது. மரத்தின் அடர்த்தியையும் இதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சுவருக்குள் கம்பியோ உலோகக் குழாயோ இருந்தால் அதையும் ஈரம் என்றே காட்டிவிடும்.

எந்தச் சதவீதம்?

மரத்தின் ஈரத்தை இரண்டு விதமாகக் கணக்கிடுகிறார்கள். தச்சு வேலையிலும் மரவியலிலும் நீரின் எடையை முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையால் வகுப்பார்கள். எரிபொருள் கணக்கில் நீரும் மரமும் சேர்ந்த மொத்த எடையால் வகுப்பார்கள். 100 கிலோ பச்சை விறகில் 50 கிலோ நீர் இருந்தால், முதல் கணக்கில் ஈரம் 100 சதவீதம். இரண்டாம் கணக்கில் 50 சதவீதம். மரத்துக்கான கருவிகள் பொதுவாக முதல் கணக்கையே காட்டுகின்றன. பாய்லருக்கு விறகு தருபவர் 30 சதவீதம் என்று மொத்த எடைக் கணக்கில் சொன்னால், உலர் எடைக் கணக்கில் அது சுமார் 43 சதவீதம். எந்தக் கணக்கு என்பதை ஒப்பந்தத்தாளில் ஒரு வரி எழுதிவிட்டால் பல தகராறுகள் எழவே எழாது.

இறுதித் தீர்ப்பு எப்போதும் எடைத்தராசினுடையது. மாதிரித் துண்டை எடைபோட்டு, 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எடை மேலும் குறையாத வரை உலர்த்தி, மறுபடி எடைபோட்டுக் கணக்கிடுவதுதான் அடிப்படை முறை. இந்தியத் தரநிர்ணயத்தில் இது ஐ.எஸ். 11215 என்ற எண்ணில் உள்ளது. மற்ற எல்லாக் கருவிகளும் இந்த முறையோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்கப்படுகின்றன. பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் இயங்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறையில் நீண்ட மரபுள்ளது. 1938-இல் மைசூர் அரசு தொடங்கிய வன ஆராய்ச்சிக் கூடத்தின் வழிவந்தது.

விறகில் பயன்பாடு

எரிவாயு வந்த பிறகும் விறகு பெங்களூரை விட்டுப் போகவில்லை. பிரியாணிக் கடைகள், பழைய பாணி பேக்கரி அடுப்புகள், குளிக்க வெந்நீர் போடும் அண்டாக்கள், சிறு தொழிற்கூடங்களின் நீராவிப் பாய்லர்கள் ஆகியவை இன்னும் விறகை நம்புகின்றன. தைலமரம், சவுக்கு, சில்வர் ஓக், புளி, மா, சீமைக் கருவேலம் எல்லாம் வருகின்றன. விலை எடைக்குத்தான். அதனால் ஈரமான விறகு வாங்குபவர் தண்ணீருக்கும் விறகு விலை கொடுக்கிறார்.

கணக்குப் போட்டால் இழப்பு தெளிவாகத் தெரியும். உலர் எடைக் கணக்கில் 20 சதவீத ஈரமுள்ள ஒரு டன் விறகில் உலர்ந்த மரம் சுமார் 833 கிலோ. 60 சதவீத ஈரமுள்ள ஒரு டன்னில் அது 625 கிலோதான். மீதி 375 கிலோ நீர். அந்த நீரைச் சூடேற்றி ஆவியாக்க கிலோவுக்குச் சுமார் 2.6 மெகாஜூல் வெப்பம் செலவாகும். உலர்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 18 மெகாஜூல் தரும் என்று கொண்டால், ஈர விறகின் டன் ஒன்றிலிருந்து கைக்கு வரும் வெப்பம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. அதோடு தீ குளிர்ந்து எரிவதால் புகை கூடுகிறது, புகைபோக்கியில் தார் படிகிறது. அடுப்பருகே நாள் முழுக்க நிற்பவரின் நுரையீரலுக்குத்தான் அந்தப் புகை முதலில் போகிறது. விலைக் கணக்கைவிட இந்தக் காரணத்துக்காகவே கருவி விறகுக் கடையில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகு 20 சதவீத ஈரத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே வந்துவிட்டது.

விறகை அளக்கும்போது பெரும்பாலோர் கட்டையின் வெளிப்புறத்திலோ அறுத்த முனையிலோ ஊசியைக் குத்துகிறார்கள். அந்த இரண்டு இடங்களும்தான் முதலில் காய்பவை. வெளியே 15 காட்டும் கட்டையின் உள்ளே 30-க்கு மேல் இருக்கலாம். கட்டையைக் கோடாலியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுப்பகுதியில், இரண்டு ஊசிகளும் நார் ஓடும் திசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி அழுத்த வேண்டும். ஒரு லோடில் மேலே, நடுவே, அடியில் என வெவ்வேறு இடத்துக் கட்டைகளை எடுத்துப் பார்க்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த பின் மேற்கட்டை அதிகமாகக் காட்டினால் அது மேல் ஈரம். இரண்டு நாள் வெயிலில் போய்விடும். உள்ஈரம் போக மாதங்கள் ஆகும். பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவைத்தால் அது வேகப்படும். தார்ப்பாயால் நாலு பக்கமும் போர்த்திய விறகு காயாது, பூசணம் பிடிக்கும்.

மரவேலையில்

மரம் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைச் சமன்செய்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக நிலைத்தால் மரம் 7 அல்லது 8 சதவீதத்தில் நிற்கும். 65 ஆனால் சுமார் 12. 80 ஆனால் 16. பெங்களூரில் மார்ச் மாதப் பிற்பகல்கள் மிக வறண்டவை, ஜூலை முதல் அக்டோபர் வரை காற்று ஈரமாக இருக்கும். மழைக்காலத்தில் இறுகிய கதவு கோடையில் இடைவெளி விடுவது இதனால்தான். ஐ.எஸ். 287 என்ற இந்தியத் தரநிலை நாட்டைக் காற்றின் ஈரப்பதப்படி நான்கு மண்டலங்களாகப் பிரித்து, 50 மி.மீ.க்குக் குறைந்த தடிமனுள்ள கதவு, ஜன்னல் மரங்களுக்கு வறண்ட மண்டலத்தில் 8 தொடங்கி ஈரமான மண்டலத்தில் 14 சதவீதம் வரை அனுமதிக்கிறது. கடற்கரை ஊரில் காய்ந்தது என்று ஏற்கப்பட்ட பலகை, 900 மீட்டர் உயரத்துப் பீடபூமியில் இன்னும் சுருங்க இடம் வைத்திருக்கும்.

கருவியின் எண்ணை மரவகைக்கு ஏற்பவும் வெப்பத்துக்கு ஏற்பவும் திருத்த வேண்டும். பல கருவிகள் டக்ளஸ் ஃபிர் என்ற அமெரிக்க ஊசியிலை மரத்தை அடிப்படையாகக் கொண்டவை. தேக்குக்கும் வேம்புக்கும் வேறு அட்டவணை தேவை. அளவீடு சுமார் 20 பாகை வெப்பத்துக்கானது. அதைவிட 10 பாகை கூடினால், சதவீதம் ஒன்று அல்லது அதற்குச் சற்று மேல் கூடுதலாகக் காட்டும். பெங்களூரின் மிதமான நாள்களில் இந்தப் பிழையைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை; சென்னையின் மே மாதத்தில் கொள்ள வேண்டும். கரையான் மருந்தாக உப்புக்கரைசல் ஏற்றிய மரமும், ஃபீனால் பசையிட்ட ஒட்டுப்பலகையும் உள்ளதைவிட அதிகம் காட்டும். ஐ.எஸ். 303 ஒட்டுப்பலகைக்கு 5 முதல் 15 சதவீதம் வரை ஈரம் அனுமதிக்கிறது. ஊசிக்கருவி 17 காட்டியது என்பதற்காக மட்டும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

சுவரும் தளமும்

2019 நவம்பர் 24-ஆம் தேதி ஹுளிமாவு ஏரிக்கரை உடைந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் நீர் புகுந்தது. 2022 செப்டம்பர் மழையில் பொம்மனஹள்ளி மண்டலத்தின் பல தெருக்கள் மீண்டும் மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் எல்லோருக்கும் எழும் கேள்வி, எப்போது பட்டி வைத்துப் பெயிண்ட் அடிக்கலாம் என்பது. கையால் தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும் பூச்சுக்கு உள்ளே கான்கிரீட் பிளாக் நீரைப் பிடித்துவைத்திருக்கும். அவசரப்பட்டு அடித்த பெயிண்ட் சில வாரங்களில் கொப்பளித்து உரிந்துவிடும்.

சுவரில் இக்கருவி காட்டும் 18 என்பது சுவரின் எடையில் 18 சதவீதம் நீர் என்று பொருளாகாது. சிமென்ட் பூச்சில் 5 சதவீத நீரே கடும் ஈரம். அதே இடத்தில் ஒரு மரத்துண்டு இருந்திருந்தால் எவ்வளவு ஈரம் ஏற்றிருக்கும் என்பதைத்தான் அந்த எண் உணர்த்துகிறது. ஆகவே முதலில் வீட்டின் உள்பக்கத்தில், ஐயமின்றிக் காய்ந்த ஒரு சுவரில் அளந்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சந்தேகமுள்ள சுவரில் தரையிலிருந்து 15 செ.மீ., அரை மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரங்களில், பக்கவாட்டிலும் சம இடைவெளி விட்டு அளந்து, எண்களைச் சுவரிலேயே பென்சிலால் எழுதிவிட வேண்டும். அடியில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைந்து ஒரு மீட்டருக்கு அருகில் முடிவதாகவும் இருந்தால், அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். ஓரிடத்தைச் சுற்றி மட்டும் கூடினால் குழாய்க் கசிவு. கூரையிலிருந்து கீழே இறங்கினால் மொட்டைமாடியில் வெடிப்பு.

பொம்மனஹள்ளி போன்ற நெருக்கமான பகுதிகளில் நான்காவதாக ஒரு வகையும் உண்டு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கை நுழையாத இடைவெளி விட்டுக் கட்டும்போது, அந்தப் பக்கச் சுவருக்கு வெளிப்பூச்சுப் பூச முடியாமல் போகிறது. மழைநீர் அந்த இடுக்கில் இறங்கி பிளாக்கின் வழியாக உள்ளே ஊறும். தரைக்கருகே தொடங்காமல் சுவரின் நடுவில் பரவலாக எண் உயர்ந்திருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். உள்ளே எத்தனை முறை நீர்த்தடுப்புப் பூச்சு பூசினாலும் பயனில்லை. இடுக்கின் மேல்வாயைத் தகடு வைத்து அடைப்பதே வழி.

உப்புப் பூத்த சுவரில் கருவியை அப்படியே நம்பக் கூடாது. கழிவுநீர் கலந்த வெள்ளம் நைட்ரேட், குளோரைடு உப்புகளை விட்டுச்செல்கிறது. அவை மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், காய்ந்த சுவரிலும் எண் சிவப்புக்குப் போகும். காற்றிலுள்ள ஈரத்தையும் அவை இழுத்துக்கொள்ளும். அத்தகைய இடத்தில் துளையிட்டு உள்ளிருந்து தூள் எடுத்து, எடைபோட்டு உலர்த்திப் பார்ப்பதே முறை. புதிய தளத்தின் மேல் மரத்தரை போடுவதற்கு முன்பும் மேற்பரப்பு எண் போதாது. சுரண்டி எடுத்த மாதிரியை கால்சியம் கார்பைடோடு மூடிய குடுவையில் குலுக்கி, எழும் அசிட்டிலீன் வாயுவின் அழுத்தத்தை அளக்கும் முறை கட்டுமானத் தளங்களில் கிடைக்கிறது.

பராமரிப்பு

ஊசிகள் வளைந்தாலோ துருப்பிடித்தாலோ மாற்ற வேண்டும். பேட்டரி தளர்ந்தால் எண் நழுவும். பல கருவிகளின் மூடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். ஊசிகளை அவற்றில் வைத்தால் கையேட்டில் அச்சிட்ட எண் வர வேண்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் ஊசியைக் குத்தக் கூடாது, மின்கம்பி அந்த வழியில்தான் ஓடும்.