கலவன் எடுத்தல்

விதைக்கென்று ஒதுக்கிய வயலில் கதிர் தள்ளியதும் எங்கம்மா கலவன் எடுக்கப் போவாள். நட்ட ரகத்தோடு ஒட்டாமல் உயர்ந்தோ குட்டையாகவோ, முந்தியோ பிந்தியோ நிற்கும் பயிரை வேரோடு பிடுங்குவது வேலை. ‘நல்லாத்தானேம்மா இருக்கு, ஏன் புடுங்குற?’ என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். ‘நல்லதா கெட்டதான்னு நாமளா சொல்றது? ஒத்துப் போவலன்னா புடுங்கச் சொல்றாங்க’ என்றாள். நெல் ஆராய்ச்சியின் வரலாற்றைப் படிக்கையில் இந்தப் பதில்தான் குறுக்கே வந்து நிற்கிறது.

1903இல் டென்மார்க்கின் யோகான்சன் அவரைப் பயிரை வைத்துத் தூய வழிக் கோட்பாட்டைச் சொன்னார். நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. எனவே ஒரேயொரு செடியைத் தேர்ந்து அதன் சந்ததியைத் தனியே பெருக்கினால் வயல் முழுக்க ஒரே சாயலாக நிற்கும். உழவர் விதைநெல்லிலோ ஒரு ரகத்துக்குள்ளேயே பல சாயல்கள் கலந்திருந்தன. 1912இல் கோவையில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையமும், 1922இல் ஆடுதுறையில் வந்த நிலையமும் இந்தக் கலப்பிலிருந்துதான் ‘தூய’ ரகங்களைப் பிரித்தெடுத்தன. தூய்மை, கலப்பு என்ற சொற்கள் சாதியச் சமூகத்தில் வெறும் தாவரவியலாக மட்டும் ஒலிப்பதில்லை.

இங்கே ஒரு முரண். 1921இல் கோவை வெளியிட்ட புகழ்பெற்ற ஜி.இ.பி. 24, கோனாமணி என்ற ரகத்தில் தானாகத் தோன்றிய பிறழ்வு. அதாவது ஒரு கலவன். எங்கம்மா கண்ணில் பட்டிருந்தால் வரப்புக்குப் போயிருக்கும். பார்னெல் தலைமையில் இயங்கிய நிலையத்தின் கண்ணில் பட்டதால் ‘அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர்’ என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகளையே பெயராகச் சூடிக்கொண்டது. பிறழ்வைக் காப்பாற்றும் உரிமை ஒரு கைக்கு. பிடுங்கும் வேலை இன்னொரு கைக்கு.

1960இல் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்த முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. ஜி.இ.பி. 24ஐ ஜப்பானிய நெல்லோடு கலந்து உருவாக்கிய ஏ.டி.டி. 27 அந்தப் பத்தாண்டின் நடுவில் குறுவைக்கு வந்தது. அதே ஜி.இ.பி. 24இன் வழித்தோன்றலான டி.கே.எம். 6 வழியாக 1969இல் ஐ.ஆர். 20 வந்தது. குறுகிய வயது, உரத்தை ஏற்பது, சாயாத குட்டைத் தண்டு: இவை ‘விரும்பத்தக்க பண்புகள்’. யாருக்குங்க? தண்டு குட்டையானால் மாட்டுக்கு வைக்கோல் குறையும், குடிசைக் கூரைக்கும் குறையும். அந்த விருப்பத்தை எவரும் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. விளைச்சல் பெருக்கம் பேசப்பட்ட அதே ஆண்டுகளில், அதே மாவட்டத்தில், கூலி உயர்வுக்கும் சங்க உரிமைக்கும் போராடிய தலித் குடும்பங்களில் 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டார்கள். விதையின் வரலாறு வேறு, கூலியின் வரலாறு வேறு என்று இரண்டு நோட்டில் எழுதிப் பழகிவிட்டோம்.

2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 2018இல் மறையும்வரை நெல் ஜெயராமன் 174 ரகங்களை மீட்டார். வெள்ளத்தைத் தாங்கும் காட்டுயானம் மறுபடி வயலில் நிற்கிறது. பெரிய காரியம். ஆனால் ‘பாரம்பரியம்’ என்ற சொல்லும் விலைச்சீட்டு ஒட்டிய பொட்டலமாகி வருகிறது. அந்த ரகங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கதிர் பார்த்துப் பொறுக்கியவர்களில் நிலமில்லாத பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்வி பொட்டலத்துக்குள் வராது.

எங்கம்மாவுக்கு இன்றும் கலவன் தூரத்திலேயே தெரிகிறது. இலையின் நிறத்தையும் கதிரின் குனிவையும் வைத்துச் சொல்கிறாள். தேர்வின் வரலாற்றை எழுத முனைபவர்கள் நிலையத்தின் பதிவேட்டோடு இந்தக் கண்ணையும் ஆவணமாகக் கொள்ள வேண்டும். எதைப் பிடுங்கச் சொன்னார்கள் என்பதில் தொடங்கலாம்.